பாம்பன் காற்றுக்கு எந்தக் கம்பி தாங்கும்?

போன வாடைக்காலத்தில் எங்கள் வீட்டுச் சன்ஷேட்டிலிருந்து ஒரு துண்டு உடைந்து துவைக்கிற கல்லின் மேல் விழுந்தது. நல்லவேளையாக அந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லை. மண்டபம் பக்கம் 1990களில் கட்டிய வீடு அது. உடைந்த இடத்தில் எட்டு எம்எம் கம்பி ஒன்று தெரிந்தது. கம்பி என்று சொல்வதே மரியாதைக்குத்தான். விரலால் சுரண்டினால் அப்பளம் போலத் தகடு தகடாக உதிர்ந்தது. மேஸ்திரி அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "கம்பி நல்ல கம்பிதான் தம்பி, போட்ட இடந்தான் சரியில்ல" என்றார்.

அவர் சொன்னது கம்பி வைத்த இடத்தையா, ஊரையா என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இரண்டுமே சரி என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்போது ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் போகிற வழியெங்கும் சுவர் விளம்பரங்களில் துருப்பிடிக்காத கம்பி விற்கிறார்கள். எபாக்சி என்ற பிசின் பூசியது, துத்தநாகம் தோய்த்தது, ஸ்டெயின்லெஸ், கண்ணாடி இழையில் செய்த ஃபைபர் கம்பி என்று பல வகை. எல்லாமே கடற்கரைக்கு ஏற்றவை என்றுதான் சொல்லப்படுகின்றன. இவற்றில் எது எங்கே உதவும், எது எங்கே காலை வாரும் என்று தெரிய வேண்டுமானால், சாதாரண கம்பி ஏன் சாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பு லேசில் துருப்பிடிக்காது. சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது உண்டாகும் காரத்தன்மை, பி.எச். கணக்கில் 12.5-க்கும் மேலே. அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலம் உருவாகி, இரும்பைப் போர்த்திக் காக்கிறது. கடலிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி உள்நாட்டில் கட்டிய வீடுகள் ஐம்பது, அறுபது வருடம் நிற்பது இந்தப் படலத்தின் தயவில்தான். கடற்கரையில் உப்பின் குளோரைடு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல ஊறி உள்ளே வருகிறது. கம்பியருகே அதன் அளவு ஓர் எல்லையைத் தாண்டியதும் படலம் புள்ளி புள்ளியாக ஓட்டை விழுகிறது. சிமென்ட் எடையில் 0.4 சதவீதம் என்று பொதுவாக அந்த எல்லையைச் சொல்வார்கள். ஓட்டை விழுந்த இடம் ஒரு சின்ன பேட்டரியின் முனை போலாகி இரும்பைத் தின்னத் தொடங்குகிறது. துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். உள்ளே இடம் ஏது? கான்கிரீட் வெடிக்கிறது. கம்பி ஓடும் திசையிலேயே நீளமாக ஒரு விரிசல் கண்டால், காரியம் எப்போதோ முடிந்துவிட்டது என்று பொருள்.

எங்கள் கடற்கரையில் உப்புக்கு இரண்டு வாசல்கள். ஒன்று காற்று. தீவில் நின்றால் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இங்குள்ளவர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். வாடை அடித்தால் ஒரு கடலின் உப்பு, கச்சான் அடித்தால் மற்றதன் உப்பு. சுவருக்கு வருடம் முழுக்க ஓய்வே கிடையாது. இன்னொரு வாசல் நம் கையால் திறந்துவிடுவது: கலவைத் தண்ணீர்.

இதை ஒரு கணக்கால் சொல்கிறேன். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தரக்குறிப்பான ஐ.எஸ். 456. கடல்நீரில் இருப்பது சுமார் 19,000. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 180 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், கடல்நீரில் கலக்கும்போது மூன்று கிலோவுக்கு மேல் குளோரைடு முதல் நாளே உள்ளே போய்விடும். அதே தரக்குறிப்பு, மணல், ஜல்லி, சிமென்ட் எல்லாம் சேர்த்தே ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோதான் அனுமதிக்கிறது. கடல்நீரில் யார் கலக்கிறார்கள் என்று கேட்கலாம். நேராகக் கடலில் மொண்டு யாரும் கலப்பதில்லைதான். ஆனால் கரையோரத்தில் தோண்டிய போர்வெல் தண்ணீர் பல இடங்களில் வாயில் வைக்க முடியாத உவர். குடிக்க லாரித் தண்ணீர், கட்ட போர் தண்ணீர் என்பது இங்கே ரொம்ப நாள் வழக்கம். உவர்த்தண்ணீரில் கலந்து, உவர்த்தண்ணீரையே நனைக்கவும் விட்டு, கடற்கரை மணலையும் கொஞ்சம் கலந்துவிட்டால், காற்று உப்பைக் கொண்டுவரும் வரை கம்பி காத்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம் கவர். கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது என்பதுதான் கவர். ஐ.எஸ். 456 சூழலை ஐந்து படிகளாகப் பிரிக்கிறது. மழை, வெயில் படாத உள்நாட்டுச் சூழலுக்கு 20 எம்எம் கவர் போதும். கடலோரச் சூழலில் வெளியே நிற்கும் கான்கிரீட்டுக்கு 45 எம்எம் கவரும் குறைந்தது எம்30 கலவையும் வேண்டும் (எம்-முக்குப் பின்னால் வரும் எண் கூடக்கூடக் கான்கிரீட்டின் வலிமை கூடும்). கடல் தெறிக்கும் இடத்துக்கு 50 எம்எம், எம்35. அலை ஏறி இறங்கும் இடத்துக்கு 75 எம்எம், எம்40. விசித்திரம் என்னவென்றால், முழுக்கக் கடலுக்குள் மூழ்கிய தூணுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. அங்கே உப்பு உண்டு, ஆக்சிஜன் குறைவு. நனைந்து காய்ந்து, மறுபடி நனையும் இடத்தில்தான் உப்பும் காற்றும் கூட்டுச் சேர்கின்றன. பாம்பன் பாலத்துக் கீழே படகில் போகிறவர்கள் தூணில் அந்த வரம்பைப் பார்க்கலாம்.

கவர் விஷயத்தில் இன்னொன்று. உப்பு ஊறிவரும் வேகம் நேர்க்கணக்கில் போவதில்லை. கவரை இரண்டு மடங்காக்கினால் உப்பு கம்பியைத் தொட எடுக்கும் காலம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. கம்பியை அந்த அளவுக்கு உயர்த்தி வைக்கும் சின்னக் கட்டைதான் கவர் பிளாக். ஒன்று எத்தனை ரூபாய்? அதைக்கூட வாங்காமல் உடைந்த ஜல்லிக்கல்லைக் கம்பிக்கு அடியில் செருகி, சென்ட்ரிங் மேல் ஆட்கள் நடக்கும்போது அது நழுவிக் கம்பி தகட்டிலேயே படுத்துவிடுவதை எத்தனையோ தளங்களில் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுச் சன்ஷேட்டில் உடைந்த துண்டை அளந்து பார்த்தேன். கவர் 12 எம்எம். மேஸ்திரி அண்ணன் சொன்ன "போட்ட இடம்" அதுதான்.

நடுவில் ஒரு சங்கதி. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்னும் நிற்கும் தேவாலயச் சுவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அவை பவளக்கல்லும் சுண்ணாம்பும். கூரை போய்விட்டது, சுவர் அறுபது வருடமாக அந்த உப்புக்காற்றில் நிற்கிறது. காரணம் வித்தை ஒன்றுமில்லை, உள்ளே துருப்பிடிக்க இரும்பு இல்லை. ராமேசுவரம் கோயில் பிரகாரத்துக்கும் அதே நியாயம். ஆனால் கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அதனால்தான் அங்கே அடிக்கு அடி தூண். சாதாரண வீட்டில் பனங்கைகளை வரிசையாக அடுக்கி மேலே ஓடு வேய்ந்தார்கள். தூண் இல்லாத அகலமான கூடமும், வெளியே நீட்டி நிற்கும் பால்கனியும் வேண்டுமென்று நாம் கேட்ட நாளில்தான் கான்கிரீட்டுக்குள் இரும்பு வந்தது, கூடவே துருவும் வந்தது.

சரி, மாற்றுக் கம்பிகளுக்கு வருவோம்.

எபாக்சி பூசிய கம்பியின் கதை கேட்கத் தகுந்தது. குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அது பாலத்தளத்துக்குள் இறங்கிக் கம்பியைத் தின்னும். அதற்கு மருந்தாக அமெரிக்காவில் 1973-ல் பென்சில்வேனியாவில் ஒரு பாலத்தில் முதன்முதலாக எபாக்சி பூசிய கம்பியைப் போட்டார்கள். பனிநாட்டுப் பாலத்தளங்களில் அது பொதுவாக நல்ல பெயர்தான் எடுத்தது. அந்த நம்பிக்கையில் ஃபுளோரிடாவின் தெற்கு முனையில் தீவுகளை இணைக்கும் பெரிய கடற்பாலங்களுக்கும் அதையே போட்டார்கள். பாம்பனின் வெப்பம், பாம்பனின் உப்பு, பாம்பனைப் போலவே தீவுக்குத் தீவு தாண்டும் பாலங்கள். 1980களின் நடுவிலேயே, கட்டிப் பத்து வருடம்கூட ஆகாத தூண்களில், தண்ணீர் தெறிக்கும் உயரத்தில் துரு வெடித்தது. பூச்சில் இருந்த சின்னச் சின்ன கீறல்கள், வளைத்த இடத்து வெடிப்புகள் வழியாக உப்பு நுழைந்து, பூச்சுக்கு அடியிலேயே பரவியிருந்தது. பூச்சும் இரும்பை விட்டுக் கழன்றிருந்தது.

இங்கே அதற்கு 1993-லேயே ஐ.எஸ். 13620 என்று தரக்குறிப்பு வந்துவிட்டது. தாளில் எல்லாம் சரி. ஆனால் நம் ஊரில் ஒரு கம்பி லாரியிலிருந்து எப்படி இறங்குகிறது? தள்ளிவிடுகிறார்கள். தரையில் இழுத்துப் போகிறார்கள், வளைக்கும் பலகையில் இரும்பு முளைக்கு எதிராக மடக்குகிறார்கள், கட்டுக்கம்பியை முறுக்கிக் கட்டுகிறார்கள், அதன் மேல் வைப்ரேட்டரை இறக்குகிறார்கள். பூச்சு காக்கும் கம்பிக்கு இத்தனை இடத்திலும் காயம். ஒவ்வொரு காயத்தையும் தேடி மறுபூச்சு பூசும் மேற்பார்வை இருந்தால் போடலாம். வீடு கட்டுகிறவருக்கு என் யோசனை, வேண்டாம். கம்பி முழுக்கப் பரவலாகப் போயிருக்க வேண்டிய அரிப்பு, கீறிய ஓர் இடத்தில் குவிந்து ஆழமாகக் குழி தோண்டுவது இன்னும் மோசம்.

துத்தநாகம் தோய்த்த கம்பி இதைவிடப் பெருந்தன்மையானது. கீறல் விழுந்தாலும் அக்கம்பக்கத்துத் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கும். சாதாரண கம்பியைவிட இரண்டு மடங்கு அளவுக்குக் குளோரைடைப் பொறுத்துக்கொள்ளும் என்பார்கள். ஆனால் துத்தநாகம் தீர்ந்தால் பாதுகாப்பும் தீர்ந்தது. காலத்தைத் தள்ளிப்போடும், அவ்வளவே. தாமிரமும் குரோமியமும் கொஞ்சம் கலந்து 'அரிப்பு எதிர்ப்பு' என்று விற்கும் டிஎம்டி கம்பிகளைப் பற்றி இன்னும் குறைவாகவே எதிர்பார்க்கலாம். குடோனில் திறந்து கிடக்கும்போது துரு மெதுவாக ஏறும். உப்பேறிய கான்கிரீட்டுக்குள் பெரிய வித்தியாசம் காட்டாது.

எங்கள் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவரையும் சொல்லாமல் விடக் கூடாது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1953-ல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைத்தான் சொல்கிறேன். ஊர்க்காரர்களுக்குச் சிக்ரி. அரிப்பு ஆராய்ச்சிக்காக மண்டபத்திலேயே அதற்கு ஒரு நிலையம் உண்டு. உலோகங்களைக் கடற்காற்றில் காயவைத்துச் சோதிக்க இதைவிடக் கொடூரமான இடம் அவர்களுக்கு எங்கே கிடைக்கும்! கம்பிக்கு அரிப்புத் தடுப்பான் கலந்த சிமென்ட் பூச்சு பூசும் முறையை அவர்கள் உருவாக்கினார்கள். எபாக்சி போல வழவழப்பாக இல்லாமல் கான்கிரீட்டோடு ஒட்டிக்கொள்ளும் பூச்சு என்பது அதன் நல்ல குணம்.

ஸ்டெயின்லெஸ் கம்பிக்குப் பூச்சு கிடையாது. உலோகமே தன்னைக் காத்துக்கொள்ளும். இதற்குச் சாட்சி மெக்சிகோவில் இருக்கிறது. யூக்கடான் கரையில் புரோக்ரெசோ என்ற துறைமுகத்தில் 1937 முதல் 1941 வரை கட்டிய, இரண்டு கிலோமீட்டருக்குமேல் கடலுக்குள் நீளும் கான்கிரீட் பாலத்துறை. பாம்பன் பாலத்தின் நீளம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்த சுண்ணாம்புக்கல் ஜல்லி அவ்வளவு உசத்தி இல்லாததால், இருநூறு டன்னுக்குமேல் ஸ்டெயின்லெஸ் கம்பி போட்டார்கள். உங்கள் வீட்டுப் பாத்திரத்தின் அடியில் 304 என்று பொறித்திருக்குமே, அதே ரகம். எண்பது வருடம் தாண்டியும் அது நிற்கிறது. அதன் பக்கத்திலேயே பிறகு சாதாரண கம்பியில் கட்டிய இன்னொரு பாலத்துறை, எப்போதோ நொறுங்கி, கடலில் சில கட்டைகளாக நிற்கிறது. ஆய்வுக்கூடத்தில் யாரும் இவ்வளவு துல்லியமாக ஒரு சோதனையை வைத்திருக்க முடியாது.

1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் அரிப்பால் தளர்ந்து, 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. அதற்குப் பதிலாகக் கட்டி 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தில் ஸ்டெயின்லெஸ் கம்பியும், எஃகுப் பாகங்களுக்குப் பாலிசிலாக்சேன் என்ற துரு தடுக்கும் பூச்சும், முழுக்கப் பற்றவைத்த இணைப்புகளும் போட்டிருக்கிறார்கள். ரயில்வேக்கு அது கட்டுபடியாகும். பாலத்தை மூடிப் பழுதுபார்ப்பதன் செலவு, தீவுக்கு ரயிலே இல்லாமல் போவது, எல்லாம் சேர்த்துப் பார்த்தால் விலை பல மடங்கானாலும் கணக்கு நேராகிறது. வீட்டுக்காரர் தன் வீடு முழுக்க அதைப் போட நினைத்தால் கம்பிச் செலவிலேயே கை காய்ந்துவிடும்.

இந்த இடைவெளியில்தான் ஃபைபர் கம்பி நுழைகிறது. கண்ணாடி இழைகளைப் பிசினில் தோய்த்து இழுத்து இறுக்கிய கம்பி. இரும்பே இல்லை, எனவே துருவும் இல்லை. எடை எஃகில் நான்கில் ஒரு பங்குதான்; நாற்பதடி நீள 12 எம்எம் எஃகுக் கம்பி பத்தரைக் கிலோவுக்கு மேல், இது மூன்று கிலோகூட வராது. ஒரே ஆள் தோளில் ஒரு கட்டைத் தூக்கிப்போவதைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. இழுவிசை வலிமையும் எஃகைவிட அதிகம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-ல் இதற்கு ஐ.எஸ். 18256 என்று தரக்குறிப்பும் வெளியிட்டுவிட்டது.

கோளாறு விற்பனைப் பேச்சில் இருக்கிறது. "இரும்பைவிட இரண்டு மடங்கு பலம், அதனால் 12-க்குப் பதில் 8 போட்டால் போதும்" என்று என்னிடமே ஒருவர் சொன்னார். பலம் வேறு, விறைப்பு வேறு. ஒரே தடிமனில் கண்ணாடி இழைக் கம்பியின் விறைப்பு எஃகில் நான்கில் ஒன்றுதான். 12 எம்எம் எஃகுக்குப் பதிலாக 8 எம்எம் ஃபைபர் போட்டால், குறுக்குவெட்டும் பாதிக்குக் கீழே குறைவதால், விறைப்பு ஏறத்தாழ ஒன்பதில் ஒன்றாகிறது. தளம் உடையாது. ஆனால் தொய்யும், விரிசல் அகலமாகும், நடந்தால் அதிரும். அதனால் ஃபைபர் கம்பியில் வடிவமைக்கும் பொறியாளர் முதலில் பார்ப்பது வலிமையை அல்ல, தொய்வை.

இன்னும் சில குணங்கள் உண்டு. எஃகு அளவுக்கு மீறி இழுத்தால் முதலில் நீளும்; வீடு கிறீச்சிட்டு, விரிசல் காட்டி, ஆளை வெளியே போகச் சொல்லும். ஃபைபர் கம்பி கடைசி நொடி வரை சாதுவாக இருந்துவிட்டுப் பட்டென்று அறும். எப்போதும் இருக்கும் சுமையிலேயே காலப்போக்கில் களைத்து அறுந்துவிடக்கூடும் என்பதால், நிலையான சுமைக்கு அதன் வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழேதான் அனுமதிக்கிறார்கள். தீ பிடித்தால் அதன் பிசின் நூறு டிகிரி சொச்சத்திலேயே இளகும். எஃகு 500 டிகிரியிலும் பாதி வலிமையோடு நிற்கும். வெயிலில் மாதக்கணக்கில் போட்டு வைத்தாலும் கெடும். எல்லாவற்றையும்விட, தளத்தில் அதை வளைக்க முடியாது. ரிங்கு, கொக்கி, எல் வளைவு எல்லாம் ஆலையிலிருந்தே வளைத்து வர வேண்டும். வளைத்த இடத்தில் வலிமையும் பெருமளவு குறையும். நம்மூர்க் கம்பி கட்டுகிறவர் அளவு தப்பினால் அங்கேயே மடக்கிச் சரிசெய்வார். இதை மடக்கினால் ஒடியும். சிலர் தீயில் வாட்டி மடக்கப் பார்ப்பதாகவும் கேள்விப்படுகிறேன். அதைச் செய்தால் உள்ளே இருப்பது வெறும் கண்ணாடி நார்தான்.

ஆகவே தூணுக்கும் முதன்மை பீமுக்கும் இது வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் தரையில் படுத்திருக்கும் தளம், மீன் இறக்கும் மேடை, ஐஸ் பிளான்ட் தரை, உப்பளத்து வாய்க்கால், கடல் தடுப்புச் சுவர், காம்பவுண்டுச் சுவரின் பெல்ட் ஆகியவற்றில் தீ, தொய்வு பற்றிய கவலை குறைவு, உப்பின் தொல்லை மிக அதிகம். வாலிநோக்கம் உப்பளங்களிலிருந்து தொண்டி மீன் இறங்குதளம் வரை இந்த மாவட்டத்தில் அப்படிப்பட்ட கான்கிரீட்டுக்குப் பஞ்சமில்லை. அங்கே இது எஃகைவிடப் பொருத்தமானது, கவரையும் குறைத்துக்கொள்ளலாம்.

உடைந்த சன்ஷேட்டுக்குத் திரும்புகிறேன். முதலில் எல்லோரும் சொன்னது, உடைந்த இடத்தைத் தட்டிவிட்டு, கம்பியைத் துடைத்து, புதுக் கலவை வைத்துப் பூசிவிடலாம் என்று. பக்கத்து வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். இரண்டு வருடத்தில் ஒட்டுக்கு இருபக்கமும் வெடித்தது. கொத்தனாரைத் திட்டினார்கள், பாவம். புதுக் கலவைக்குள் கம்பி காரத்தில் பத்திரமாகிவிட்டது. அதுவரை பக்கத்துக் கம்பிக்குப் பதிலாகத் தான் துருப்பிடித்து, அதைக் காத்துக்கொண்டிருந்த பகுதி அது. அந்தக் காவல் போனதும், உப்பேறிய பழைய கான்கிரீட்டில் இருந்த பக்கத்துப் பகுதி துருப்பிடிக்கத் தொடங்கியது. ஒட்டுப் போடுவதானால் உப்பு ஊறிய அளவு முழுக்க வெட்டியெடுக்க வேண்டும், அல்லது ஓரத்தில், தான் கரைந்து இரும்பைக் காக்கும் துத்தநாகக் கட்டிகளைப் பதிக்க வேண்டும். எங்களுடையதில் வெட்டியெடுத்தால் சன்ஷேட்டே மிஞ்சாது. முழுக்க இடித்தோம்.

புதிதாகப் போட உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. நம் சன்ஷேட்டுகளின் கனம் வழக்கமாக மூன்று அங்குலம், அதாவது 75 எம்எம். கடற்கரைக்குக் கேட்கும் 45 எம்எம் கவரை மேலும் கீழும் விட்டால் கம்பிக்கு இடமே இல்லை. இந்தக் கடற்கரையில் மெல்லிய சன்ஷேட் என்பதே சாதாரண கம்பியில் கட்ட முடியாத ஒரு பொருள். அதன் முதன்மைக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும், லிண்டலுக்குள் வளைந்து போக வேண்டும். கான்கிரீட் போடும்போது யாராவது மிதித்தால் கீழே இறங்கிவிடும். வளைவு இருப்பதால் ஃபைபரும் தோதுப்படாது.

எனவே எடையைப் போட்டுப் பார்த்தேன். நாலடி நீளம், இரண்டடி நீட்டம். முதன்மைக் கம்பி ஒன்பது, குறுக்குக் கம்பி ஐந்து, எல்லாம் எட்டு எம்எம். மொத்தம் ஏழு கிலோகூட வரவில்லை. வீடு முழுக்க என்றால் மலைக்க வைக்கும் ஸ்டெயின்லெஸ் கம்பி, சன்ஷேட் அளவுக்கு வந்தால் ஒரு ஜன்னல் கிரில் செலவுதான். வீட்டில் முதலில் உதிர்வது சன்ஷேட், பார்ப்பெட், பால்கனி ஓரம் என்றால், விலையுயர்ந்த கம்பியை அங்கே மட்டும் போட்டு, உள்ளே தூணுக்கும் பீமுக்கும் சாதாரண டிஎம்டியை நல்ல தண்ணீர், நல்ல கவரோடு போடலாம். இரண்டு ரகமும் நல்ல கான்கிரீட்டுக்குள் தொட்டுக்கொண்டால் பெரிய தொல்லை வருவதில்லை. கட்டுக்கம்பி மட்டும் அதே ஸ்டெயின்லெஸ்ஸில் இருக்க வேண்டும்.

கிடைப்பதுதான் பாடு. கிரில் பட்டறையில் கேட்டால் வழவழப்பான ஸ்டெயின்லெஸ் கம்பி எடுத்துக் காட்டுகிறார்கள். அது கான்கிரீட்டைப் பிடிக்காது, ஐ.எஸ். 16651 படி வரிகள் ஓடும் கம்பி வேண்டும். நான் விசாரித்த கடை எதிலும் இருப்பு இல்லை. ஒருவர் மட்டும் மொத்தமாக எடுப்பவர் யாராவது சொல்லும்போது சேர்த்து வரவழைத்துத் தருகிறேன் என்றிருக்கிறார். மேஸ்திரி அண்ணனிடம் சொன்னபோது சிரித்தார். "ஏழு கிலோவுக்கு இவ்வளவு நாளா?" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "வரட்டும் தம்பி. அதுவரைக்கும் ஜன்னலுக்கு மேல ஒரு தகரம் அடிச்சு விடுறேன். கவர் பிளாக்கையும் இப்பவே போட்டு ஆறவச்சிருவோம், லாரித் தண்ணி இன்னைக்கு வருதுல்ல" என்றார்.